உள்ளங்காலில் கறுப்புத் திட்டு: தோல் புற்றுநோயா என்று டாக்டர் எப்படிப் பார்க்கிறார்?

கேள்வி: அப்பாவுக்கு 63 வயது. விவசாயம். சர்க்கரை இருக்கிறது. இடது குதிகாலில் ஒரு வருஷமாகக் கறுப்பாக ஒரு திட்டு. முதலில் முள் குத்தியது என்று எருக்கம்பால் வைத்தார். பிறகு ஆணி என்று நினைத்து மருந்துக் கடையில் பிளாஸ்டர் வாங்கி ஒட்டினோம். இப்போது அகலமாகிவிட்டது, ஓரத்தில் லேசாகக் கசிகிறது. தோல் டாக்டர் சதை எடுத்துப் பார்க்க வேண்டும் என்கிறார். பெரியப்பா "கத்தி வைத்தால் உடம்பு முழுக்கப் பரவிவிடும்" என்று தடுக்கிறார். என்ன செய்வது? டாக்டர் என்னவெல்லாம் பார்ப்பார்?

பதில்:

சதை எடுக்கச் சம்மதியுங்கள், தள்ளிப்போட வேண்டாம். கத்தி பட்டால் பரவும் என்பது உண்மை இல்லை. அந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்பதையும் கீழே எழுதுகிறேன், பெரியப்பாவுக்குப் படித்துக் காட்டுங்கள்.

நான் தோல் மருத்துவர். இருபது வருஷத்துக்கு மேலாக இந்த வேலையில் இருக்கிறேன். அப்பாவின் காலில் இருப்பது புற்றுநோய் என்று நான் சொல்லவில்லை. காலைப் பார்க்காமல் யாராலும் அப்படிச் சொல்ல முடியாது. பார்த்த பிறகும் பல சமயம் சதைப் பரிசோதனை இல்லாமல் முடிவு சொல்ல முடியாது. ஆனால் நீங்கள் எழுதியதில் மூன்று விஷயங்கள் என்னை நிறுத்துகின்றன: கறுப்பு நிறம், பெரிதாகிக்கொண்டே போவது, மாதக்கணக்கில் ஆறாமல் இருப்பது. இந்த மூன்றும் சேர்ந்து ஒரு பாதத்தில் இருந்தால் நானும் அதே பரிசோதனையைத்தான் கேட்பேன்.

தோல் புற்றுநோய் வெள்ளைக்காரர்களுக்கு வருவது, நமக்குத் தோலுக்கு நிறம் தரும் மெலனின் காவல் இருக்கிறது என்று பலரும் நம்புகிறார்கள். பாதிதான் உண்மை. மெலனின் வெயிலிலிருந்து காக்கிறது. அதனால் ஆஸ்திரேலியாவில் முதுகிலும் தோளிலும் பார்க்கிற அளவு மெலனோமா, அதாவது நிறச் செல்களில் தொடங்கும் தோல் புற்றுநோய், நம்மிடம் இல்லை. ஆனால் உள்ளங்காலிலும் உள்ளங்கையிலும் நகத்தடியிலும் வருகிற மெலனோமாவுக்கு வெயில் முக்கியக் காரணம் இல்லை, அதனால் கறுத்த தோலுக்கு அதிலிருந்து விலக்கும் இல்லை. நம் ஊர்க்காரர் ஒருவருக்கு மெலனோமா வந்தால், முதலில் தேட வேண்டிய இடம் பாதம்தான். ஜமைக்காவின் பாடகர் பாப் மார்லிக்கு 1977-இல் கால் பெருவிரல் நகத்தடியில்தான் இது கண்டுபிடிக்கப்பட்டது. முதலில் கால்பந்து விளையாடியபோது பட்ட அடி என்று நினைத்திருந்தார்கள். 1981 மே மாதம், 36 வயதில் இறந்துபோனார்.

எனக்கும் அப்படி ஒரு நகம் மறக்காமல் இருக்கிறது. நான் மேல்படிப்பு படித்துக்கொண்டிருந்த காலம். வயல் வேலைக்குப் போகிற ஒரு அம்மா, கால் பெருவிரல் நகம் கறுத்து உடைந்து வந்தார். மண்வெட்டி விழுந்தது என்றார். அதற்கு முன் பார்த்த இடங்களில் எட்டு மாதமாகப் பூஞ்சைக்கு மாத்திரை கொடுத்திருந்தார்கள். நகத்தைச் சுரண்டிப் பூஞ்சை இருக்கிறதா என்று ஒருவரும் பார்க்கவில்லை. எங்களிடம் வரும்போது தொடை இடுக்கில் எலுமிச்சை அளவுக்கு நெறி கட்டியிருந்தது. அன்றிலிருந்து, வேறு எதற்கு வந்தவராக இருந்தாலும் "செருப்பைக் கழற்றுங்கள்" என்று சொல்லாமல் நான் யாரையும் அனுப்புவதில்லை.

சரி, டாக்டர் என்ன செய்வார் என்பதற்கு வருகிறேன்.

முதலில் கதை கேட்பார். எப்போது தொடங்கியது, அப்போது எவ்வளவு பெரிதாக இருந்தது, நிறம் மாறியதா, தானாக ரத்தம் வந்ததா, அரிக்கிறதா என்று. வலி இருக்கிறதா என்றும் கேட்பார். வலி இல்லை என்று நோயாளி சொல்வது எனக்கு நிம்மதி தருகிற பதில் இல்லை. ஆணி நடக்கும்போது வலிக்கும், முள் வலிக்கும். மெலனோமா பெரும்பாலும் வெகு நாள் வரை வலிப்பதே இல்லை, அதனால்தான் வீட்டிலேயே கிடக்கிறது. உங்கள் அப்பாவுக்குச் சர்க்கரையால் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கலாம், அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். இதுவரை வைத்த மருந்துகளை மறைக்காதீர்கள். எருக்கம்பால், ஆணி பிளாஸ்டர், சுண்ணாம்பு எதுவாக இருந்தாலும் சொல்லிவிடுங்கள். அவை தோலைப் பொசுக்கி நிறத்தையும் ஓரத்தையும் மாற்றிவிடும். தெரியாமல் பார்த்தால் டாக்டர் ஏமாந்துபோகலாம். நாங்கள் திட்டுவோம் என்று பயந்து நிறையப் பேர் சொல்வதில்லை.

பழைய போட்டோ ஏதாவது போனில் இருக்கிறதா என்று தேடுங்கள். குடும்ப விழாவில் அப்பா காலை நீட்டி உட்கார்ந்திருக்கிற ஒரு படம்கூட உதவும். "முன்பு இவ்வளவுதான் இருந்தது" என்று வாயால் சொல்வதைவிட அது நூறு மடங்கு மேல்.

இதற்கு முன் உடம்பில் வேறு கட்டி எடுத்திருக்கிறாரா, வீட்டில் யாருக்காவது மெலனோமா உண்டா, சிறுநீரக மாற்று போன்ற காரணத்துக்காக எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடுகிறாரா, கதிர்வீச்சு சிகிச்சை எடுத்திருக்கிறாரா, பாஷாணம் கலந்த நாட்டு மருந்து நீண்ட நாள் சாப்பிட்டாரா என்றெல்லாம்கூடக் கேட்கலாம். காலுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றும். தோல் புற்றுநோயில் வகைகள் உண்டு, ஒவ்வொன்றுக்கும் காரணம் வேறு. பாஷாண மருந்துகள் சிலவற்றில் இருக்கிற ஆர்செனிக் பல வருஷம் உடம்பில் சேர்ந்தால் உள்ளங்கை, உள்ளங்காலில் சிறு முத்துக்கள் போலத் தடிப்பு வரும். பிறகு அவற்றில் சில புற்றாக மாறலாம்.

அடுத்தது உடம்பு முழுவதையும் பார்ப்பது. காட்டிய இடத்தை மட்டும் பார்த்துவிட்டு அனுப்பினால் அது முழுமையான பரிசோதனை ஆகாது. தலைமுடிக்குள், காதுக்குப் பின்னால், வாய்க்குள், முதுகு, இடுப்பு, கால்விரல் இடுக்கு, எல்லா நகங்களும் பார்க்க வேண்டும். அப்பா கூச்சப்பட்டால் முன்பே சொல்லிக் கூட்டிப்போங்கள். மொத்தமாகப் பார்ப்பதில் இன்னொரு பயனும் இருக்கிறது. ஒருவர் உடம்பில் உள்ள மச்சங்கள் பெரும்பாலும் ஒரே சாடையில் இருக்கும். அந்தக் கூட்டத்தில் ஒன்று மட்டும் ஒட்டாமல் தனித்து நின்றால் அதன் மேல் கண் வைக்க வேண்டும். நம்மில் பலருக்கு உள்ளங்காலில் இயல்பாகவே பழுப்புத் திட்டுகள் இருக்கும். இரண்டு காலிலும், பல இடத்தில், வருஷக்கணக்கில் மாறாமல் இருந்தால் அவை பயப்பட வேண்டியவை இல்லை. ஒரு காலில் மட்டும் ஒற்றையாக, வளர்கிற திட்டு என்றால் கதை வேறு.

இணையத்தில் தேடினால் ஏ, பி, சி, டி, ஈ என்ற கணக்கு கிடைக்கும். 1985-இல் நியூயார்க் பல்கலைக்கழகத்து மருத்துவர்கள் முதல் நான்கைச் சொன்னார்கள்: இரு பாதியும் ஒன்றுபோல் இல்லாமை, ஒழுங்கற்ற ஓரம், ஒன்றுக்கு மேற்பட்ட நிறம், 6 மில்லிமீட்டருக்கு மேல் அகலம். காலப்போக்கில் மாறுவது என்ற ஐந்தாவது 2004-இல் சேர்ந்தது. நல்ல கணக்குதான். ஆனால் அது உடம்பில் உள்ள மச்சத்துக்காக உருவானது. பாதத்துக்கு அதை அப்படியே வைத்துப் பார்த்தால் சில தப்பிப்போகும், குறிப்பாக நிறமே இல்லாமல் சிவப்பாக, புண்ணாக, சதை வளர்ந்ததுபோல வருகிற மெலனோமா. பாதத்துக்கென்று 2010-இல் பிரிட்டனில் ஒரு வழிகாட்டி வந்தது. எனக்கு அது மிகவும் பிடிக்கும், ஏனென்றால் அதில் ஒரு அம்சம் டாக்டரின் சந்தேகத்தையே கணக்கில் எடுக்கிறது. எந்த நிறமாவது இருக்கிறதா, இது என்னவென்று உறுதியாகத் தெரியவில்லையா, ரத்தமோ நீரோ கசிகிறதா, பெரிதாகிறதா, இரண்டு மாதத்துக்கு மேல் ஆறாமல் இருக்கிறதா? இவற்றில் இரண்டு இருந்தாலே மேல் பரிசோதனைக்கு அனுப்பு என்கிறது அது. உங்கள் அப்பாவுக்கு ஐந்துமே பொருந்துகிறது.

அதற்காக ஐந்தும் பொருந்தினால் புற்று என்று முடிவு கட்டாதீர்கள். பாதத்தில் கறுப்பாகத் தெரிகிற சாதாரண விஷயங்கள் நிறைய உண்டு. தடித்துப்போன மேல்தோலை டாக்டர் பிளேடால் மெல்லச் சீவினால் பல குட்டு வெளிப்பட்டுவிடும். ஆணியாக இருந்தால் நடுவில் கண்ணாடிபோல ஒரு கூர்மை தெரியும். மருவாக இருந்தால் ரத்தம் உறைந்த சின்னச் சின்னக் கறுப்புப் புள்ளிகள் தெரியும், தோலின் ரேகைகள் மருவைச் சுற்றி விலகிப் போகும். அழுத்தத்தால் தோலுக்குள் ரத்தம் கட்டிய கறுப்பாக இருந்தால், சீவச் சீவ நிறம் போய்விடும், அடியில் நல்ல தோல் இருக்கும். மருதாணிக் கறை, பூஞ்சையால் வரும் கறுப்பு, சர்க்கரைப் புண் என்று இன்னும் சில உண்டு. சர்க்கரைப் புண் என்ற பெயரைப் பற்றி எனக்கு ஒரு ஆதங்கம். சர்க்கரை இருப்பவருக்குக் காலில் எது வந்தாலும் அந்தப் பெயரை ஒட்டி, கட்டு மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள். சர்க்கரை கட்டுப்பாட்டில் இருந்தும், அழுத்தம் படாமல் பார்த்துக்கொண்டும், ஒரு புண் இரண்டு மாதத்தில் ஆறத் தொடங்கவில்லை என்றால் அந்தப் பெயரையே சந்தேகிக்க வேண்டும்.

அப்புறம் டெர்மோஸ்கோப். ஒளி உள்ள ஒரு சிறு உருப்பெருக்கி. வலி இல்லை, சில நிமிட வேலை. உள்ளங்கால் தோலை உற்றுப் பாருங்கள், உழுத நிலம்போல வரப்பும் சாலுமாக ரேகைகள் ஓடும். ஜப்பானிய மருத்துவர் தோஷியாகி சைதாவும் அவரோடு வேலை செய்தவர்களும் கண்டுபிடித்தது இதைத்தான்: சாதாரண மச்சத்தில் நிறம் பெரும்பாலும் சாலில், அதாவது பள்ளத்தில் ஓடும். மெலனோமாவில் வரப்பின் மேல் ஓடும். எந்தக் கோடு வரப்பு என்பதற்கு ஒரு அடையாளம், வியர்வைத் துளைகள் வரப்பின் மேல் வெள்ளைப் புள்ளிகளாக வரிசையாகத் தெரியும். வெறும் கண்ணால் பிரிக்க முடியாத ஒன்றை இவ்வளவு எளிமையாகப் பிரித்தது எங்கள் துறையில் பெரிய விஷயம். வரப்பின் மேல் நிறம் இருந்தால் அளவு எவ்வளவு சிறியதாக இருந்தாலும் சதை எடுப்போம். எந்த வடிவமும் தெளிவாக இல்லை, ஆனால் 7 மில்லிமீட்டரைத் தாண்டிவிட்டது என்றாலும் எடுப்போம். ரத்தக்கட்டும் சாயமும் சில சமயம் வரப்பின் மேல் நிறத்தைக் காட்டும் என்பதால்தான், சீவிப் பார்ப்பதும் இதோடு சேர்ந்தே நடக்கிறது.

நகத்தையும் சொல்லிவிடுகிறேன். கறுத்த தோல் உள்ளவர்களுக்குப் பல நகங்களில் மெல்லிய பழுப்புக் கோடு இருப்பது சகஜம். நடுத்தர வயதுக்கு மேல் புதிதாக ஒரே ஒரு நகத்தில், அதுவும் பெருவிரலிலோ கட்டைவிரலிலோ கோடு வந்து, 3 மில்லிமீட்டருக்கு மேல் அகலமாகி, நிறம் நகத்தைத் தாண்டி நகக்கண் தோலிலும் பரவினால் உடனே காட்ட வேண்டும். இந்த கடைசி அடையாளத்தை 1886-இலேயே லண்டன் மருத்துவர் ஜோனதன் ஹட்சின்சன் எழுதி வைத்துவிட்டார், இன்றும் அவர் பெயரால்தான் சொல்கிறோம். அடிபட்டு ரத்தம் கட்டிய நகமா என்று சந்தேகம் வந்தால், அந்தக் கறுப்பு நகத்தோடு சேர்ந்து முன்னால் நகர்கிறதா என்று கவனிக்கலாம். கால் நகம் மாதத்துக்கு ஒன்றரை மில்லிமீட்டர் அளவுதான் வளரும். பின்பக்கம் சுத்தமான நகம் வந்துகொண்டிருந்தால் ரத்தக்கட்டு. அதே இடத்தில் நின்றாலோ அகலமானாலோ காத்திருக்கக் கூடாது.

மற்ற இரண்டு வகைகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன், உங்கள் வீட்டில் வேறு யாருக்காவது உதவும். மூக்கிலோ கண்ணிமை ஓரத்திலோ பளபளப்பான ஓரத்தோடு ஒரு மேடு வந்து, நடுவில் குழிந்து, பக்கு கட்டி விழுந்து மறுபடி கட்டினால் அது பேசல் செல் வகையாக இருக்கலாம். நம் தோலில் அது பெரும்பாலும் கறுப்பாகவே வருவதால் மச்சம் என்று விட்டுவிடுகிறார்கள். மெதுவாக வளரும், வேறு உறுப்புக்குப் பரவுவது மிக அரிது, ஆனால் இருக்கிற இடத்தை அரித்துவிடும். இன்னொன்று ஸ்குவாமஸ் செல் வகை. நம்மிடம் அது பழைய தழும்பில் வருவதைப் பார்க்கிறோம்: சின்ன வயதில் தீப்பட்ட தழும்பு, தொழுநோயால் உணர்ச்சி போன காலில் வருஷக்கணக்கான புண். இருபது, முப்பது வருஷம் சும்மா இருந்த தழும்பு திடீரென்று புண்ணாகிப் பூவிரிந்ததுபோல சதை வளர்ந்தால் உடனே காட்ட வேண்டும். காஷ்மீரில் குளிருக்குக் கங்ரி என்ற கனல் சட்டியை அங்கிக்குள் வைத்துக்கொள்பவர்களுக்குத் தொடையிலும் அடிவயிற்றிலும் வருவதும் இதே வகை. வேட்டியை இறுக்கிக் கட்டும் இடுப்பில் வருவதைப் பற்றி பம்பாயிலிருந்து 1945-லேயே எழுதியிருக்கிறார்கள். புடவை கட்டும் இடுப்பிலும் வருகிறது. இடுப்பில் பாவாடை நாடா உராயும் இடம் கறுத்துத் தடித்திருந்தால் அம்மாவை நாடாவுக்குப் பதில் அகலமான பட்டி வைத்துத் தைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அங்கே ஆறாத புண் இருந்தால் காட்டச் சொல்லுங்கள்.

அப்பாவிடம் வருவோம். டாக்டர் முழங்காலுக்குப் பின் குழியிலும் தொடை இடுக்கிலும் விரலால் அழுத்திப் பார்ப்பார். பாதத்தின் நிணநீர் அங்கேதான் போய்ச் சேர்கிறது. காலில் புண் இருந்தால் சாதாரணமாகவே நெறி கட்டும் என்பதால், நெறி இருப்பதாலேயே பரவிவிட்டது என்று அர்த்தம் இல்லை. தேவைப்பட்டால் ஸ்கேன் செய்து, ஊசியால் உறிஞ்சிச் சோதிப்பார்கள்.

இனி அந்தக் கத்தி. பெரியப்பா பொய் சொல்லவில்லை, அவர் ஊரில் பார்த்ததைச் சொல்கிறார். ஒருவர் கட்டியோடு இரண்டு வருஷம் இருந்துவிட்டு, ரத்தம் வந்த பிறகு ஆஸ்பத்திரிக்குப் போகிறார். அங்கே அறுக்கிறார்கள். ஆறு மாதத்தில் தொடையிலோ நுரையீரலிலோ தெரிகிறது. கத்தி வைத்தார்கள், பரவிவிட்டது என்று ஊர் முடிவு செய்கிறது. உண்மையில் கத்தி வைத்த நாளுக்கு வெகு முன்பே அந்த செல்கள் கிளம்பிப் போயிருந்தன. மெலனோமாவில் சதை எடுத்துப் பார்த்தவர்களையும், முழுவதும் ஒரே தடவையில் அகற்றியவர்களையும் ஒப்பிட்டுப் பார்த்தபோது, சதை எடுத்ததால் ஆயுள் குறைந்ததாகத் தெரியவில்லை.

ஆபத்தான வேலை ஒன்று உண்டு, அது வேறு. என்னவென்று தெரியாத ஒரு கறுப்பு மச்சத்தை அழகு நிலையத்திலோ, எங்காவது ஒரு அறையிலோ, லேசரால் அல்லது மின்சாரத்தால் பொசுக்கிவிடுவது. வீட்டில் குதிரை முடி கட்டி அறுப்பதும், சுண்ணாம்பு வைத்து எரிப்பதும் இதே கணக்குதான். மேலே போய்விடும், அடியில் இருக்கும். மைக்ராஸ்கோப்பில் பார்க்க ஒரு துணுக்கும் மிஞ்சாது. எடுத்த சதையைச் சோதனைக்கு அனுப்பாமல் குப்பையில் போடும் எந்த இடத்திலும் மச்சம் எடுத்துக்கொள்ளாதீர்கள். இதை என்னால் எவ்வளவு அழுத்திச் சொல்ல முடியுமோ அவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

முறையான பயாப்ஸி, அதாவது சதை எடுத்துப் பார்ப்பது, மரத்துப்போகும் ஊசி போட்டுச் செய்வது. குதிகாலில் அந்த ஊசி கொஞ்சம் நன்றாகவே வலிக்கும், அப்பாவிடம் ஒளிக்க வேண்டாம். திட்டு சிறியதாக இருந்தால் சுற்றிலும் 1 முதல் 3 மில்லிமீட்டர் நல்ல தோலோடு, அடியில் கொழுப்பு வரை, முழுவதையும் எடுப்பார்கள். பெரியதாக இருந்தால் மிகத் தடித்த அல்லது மிகக் கறுத்த இடத்தில் ஆழமாக ஒரு துண்டு, சில சமயம் இரண்டு இடத்தில். மேலாகச் சீவி எடுப்பது மெலனோமா சந்தேகத்தில் கூடாது. காரணம், எங்களுக்கு ஆழம் தெரிய வேண்டும். அமெரிக்க நோயியல் மருத்துவர் அலெக்சாண்டர் ப்ரெஸ்லோ 1970-இல், கட்டி தோலுக்குள் எவ்வளவு மில்லிமீட்டர் இறங்கியிருக்கிறது என்று அளந்தால் நோயின் போக்கைச் சொல்லலாம் என்று காட்டினார். இன்றும் முதலில் பார்ப்பது அந்த எண்ணைத்தான். 1 மில்லிமீட்டருக்குள் இருந்தால் சுற்றிலும் 1 சென்டிமீட்டர் விட்டு அகற்றுவதோடு பெரும்பாலும் முடிந்துவிடும். 2 மில்லிமீட்டரைத் தாண்டினால் 2 சென்டிமீட்டர் விட்டு எடுக்க வேண்டும். 1 மில்லிமீட்டரைத் தாண்டினாலே, அந்த இடத்தின் நிணநீர் முதலில் போய்ச் சேரும் நெறிக்கட்டியையும் எடுத்துச் சோதிக்க வேண்டி வரலாம். அகலமாக அறுப்பது எப்போதும் அறிக்கை வந்த பிறகுதான். முதல் நாளே காலை எடுக்க வேண்டும் என்று யாராவது சொன்னால் வேறு டாக்டரைக் கேளுங்கள்.

போவதற்கு முன் சர்க்கரை அளவைப் பார்த்துக்கொள்ளுங்கள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுத்தால் டாக்டரிடம் சொல்லுங்கள், நீங்களாக நிறுத்த வேண்டாம். பிளாஸ்டரையும் எருக்கம்பாலையும் இன்றோடு நிறுத்திவிடுங்கள், நகத்தில் மருதாணி இருந்தால் அதையும் சொல்லுங்கள். எடுத்த சதை பார்மலின் பாட்டிலில் அப்பாவின் பெயரோடும், எந்தக் கால், எந்த இடம் என்ற விவரத்தோடும் போகிறதா என்று கண்ணால் பாருங்கள். அறிக்கை வர ஒரு வாரம் பத்து நாள் ஆகும். கூடுதல் சாயச் சோதனை தேவைப்பட்டால் இன்னும் சில நாள். மெலனோமா என்று வந்தால் அறிக்கையோடு ஸ்லைடையும், சதையைப் பதித்து வைத்த மெழுகுக் கட்டியையும் கேட்டு வாங்கி வையுங்கள். அடையாறு புற்றுநோய் நிலையம், ஜிப்மர், காஞ்சிபுரம் காரப்பேட்டை அண்ணா புற்றுநோய் மருத்துவமனை என்று எங்கே போனாலும் முதலில் அதைத்தான் கேட்பார்கள். செலவுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இருக்கிறதா என்று இப்போதே பார்த்து வையுங்கள்.

தையல் உள்ளங்காலில் ஆற இரண்டு வாரத்துக்கு மேல் ஆகும், சர்க்கரை இருப்பதால் இன்னும் கொஞ்சம் கூடலாம். அதுவரை வயலில் இறங்க வேண்டாம், சேறு படக் கூடாது, குதிகாலை ஊன்றாமல் நடக்க ஒரு கோல் கொடுங்கள். நடவு நேரம் என்று அப்பா கேட்கமாட்டார். கால் ஆறும் வரை ஆள் விட்டுப் பார்த்துக்கொள்ள இப்போதே ஏற்பாடு செய்துவிட்டு, இந்த வாரத்திலேயே கூட்டிப்போங்கள்.